சாய்ப்பின் கை ஒடிந்தது உன்னால் அல்ல

அப்பு, கை கிடைத்துவிட்டது, மூன்று வருஷமாக மதுரை வரைக்கும் தேடியும் அகப்படாத நம் வண்டி வாசல் சாய்ப்புக்கு வேண்டிய இரும்புக் கை, ஒரு கீறல் இல்லாமல், முட்டி இறுகிப்போகாமல், ஸ்பிரிங்கோடு முழுசாகக் கிடைத்துவிட்டது!

இதைச் சொல்ல நாலு வரி போதும் என்று அச்சாபீஸ்காரர் சொன்னார். "ஏம்மா, கல்யாண நோட்டீசே அரைப் பக்கந்தான் வருது. ஒங்க மகனுக்கு எழுதுறத நான் எதுக்கு அச்சுக் கோக்கணும்? தபால்ல போட்டாப் போகாதா?" என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். போகும்தான். ஆனால் அன்றைக்கு உன்னை ஏசியது ஒரு எஸ்டேட்டே கூடி நின்ற இடத்தில். அதை இன்றைக்கு நான் ஒரு உறைக்குள் வைத்து ஒட்டி, உனக்கு மட்டும் தெரிகிற மாதிரி சொன்னால் கணக்கு நேராகாது. அதனால்தான் நோட்டீசாகப் போடுகிறேன். போடி பஸ் நிற்கிற இடத்திலும், மலைமேட்டுக்கு ஏறுகிற ஜீப்புகளிலும், மலையில் வேலைக்காரர்கள் குடியிருக்கிற லயம் லயமாகவும் இதைக் கொடுக்கப்போகிறேன். உன் நிஜப் பெயரும் என் பெயரும் போடவில்லை. போடவும் தேவையில்லை. இந்த மலையில் வீட்டு வண்டி என்று ஒன்றுதானே இருக்கிறது.

அந்த வண்டியைப் பார்க்காதவர்களும் இதை வாசிப்பார்கள். அவர்களுக்காக உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள். சண்டை முடிந்த பிறகு பட்டாளத்தார் கழித்துவிட்ட ஆஸ்பத்திரி வண்டி ஒன்றை உன் அப்பா ஏலத்தில் எடுத்துவந்தார். நோயாளிகளைக் கிடத்துகிற பலகைகள் நமக்குப் படுக்கை ஆயின. மருந்துப் பெட்டி இருந்த மூலையில் அடுப்பு. பின்பக்கம் கறுப்புத் துணி கட்டி, போட்டோ கழுவுகிற இருட்டறை. எஸ்டேட் எஸ்டேட்டாகப் போய் வேலைக்காரர்களையும் அவர்கள் குடும்பத்தையும் போட்டோ எடுப்பதுதான் நம் பிழைப்பு. வண்டியின் இடது பக்கம், கூரையை ஒட்டி, ஒரு உருளையில் கித்தான் துணி சுருட்டி வைத்திருக்கும். இரண்டு இரும்புக் கைகள், நம் கையைப் போலவே நடுவில் முட்டி வைத்து, மடங்கி நிற்கும். பிடித்து இழுத்தால் கை நீளும், துணி விரியும், வாசலில் ஒரு சாய்ப்பு வந்துவிடும். அதற்கடியில் சமைத்தோம், சாப்பிட்டோம், அதற்கடியில்தான் உன் தங்கச்சி செல்வி தவழ்ந்தாள். போட்டோவுக்கும் அதுதான் கூரை. வெயில் கித்தானில் வடிந்து வரும்போது முகத்தில் கறுப்பு விழாது என்பார் உன் அப்பா. நான் அந்த வண்டிக்கே பைத்தியம் என்பது உனக்குத் தெரியும். பள்ளிக்கூடம் போகாதவள், வண்டி எஞ்சினில் பொறித்திருந்த இங்கிலீஷ் எழுத்தைக்கூட விரலால் தடவித் தடவிக் கற்றுக்கொண்டேன். தமிழ் எழுத்தைக் கடைப் பலகைகளில் கற்றேன். இன்றைக்கு இத்தனை நீளம் எழுதுகிறேன் என்றால் அந்த வண்டி நின்ற ஊர்களெல்லாம்தான் காரணம்.

ஆனால் வண்டியைப் புரிந்துகொண்டவன் நீதான். உனக்கு ஒன்பது வயசு இருக்கும். ஒரு நாள் சாய்ப்பு உருளை சிக்கிக்கொண்டு நகர மறுத்தது. உன் அப்பா விடிந்ததிலிருந்து சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார். நீ ஏணியில் ஏறி, உருளையில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "அப்பா, உள்ள ஏதோ கெடக்கு, தட்டாதீங்க, நசுங்கிரும்" என்றாய். ஓர ஆணியைக் கழற்றி, உருளையைச் சாய்த்தாய். உள்ளேயிருந்து விழுந்தது உன் அப்பா பத்து நாளாகக் காணோம் காணோம் என்று என்னிடம் சண்டை போட்ட அவருடைய சீப்பு. அவர் அதை எடுத்து அந்த இடத்திலேயே தலை சீவிக்கொண்டார், ஒன்றுமே நடக்காத மாதிரி. நாம் மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் சோறு அடிப்பிடித்துவிட்டது. அதற்குப் பிறகு வண்டியில் எது முனகினாலும் உன்னைத்தான் கூப்பிடுவோம். பஸ்சுக்குக் கூடு கட்டுகிற பட்டறையில் சேர வேண்டும் என்று நீ சொல்லிக்கொண்டிருந்தாய். உன் அப்பாவும் வாய் திறந்து ஒப்புக்கொள்ளவில்லையே தவிர, மதுரையில் விசாரித்துக்கொண்டுதான் இருந்தார்.

இனி அந்தத் தை மாதத்துக்கு வருகிறேன். மலைமேட்டுக்கு அப்பால், ஏலக்காய் எஸ்டேட்டில், அறுவடை முடிந்த சந்தோஷத்தில் எல்லாருமாகச் சேர்ந்து ஒரு போட்டோ எடுக்க வேண்டும் என்றார்கள். கங்காணி கோட்டு போட்டு வந்தார். பெண்கள் தலை நிறைய பூ வைத்து வந்தார்கள். குழந்தைகளை முன்வரிசையில் உட்காரவைத்தோம். நீ சாய்ப்பை விரித்துக் கட்டினாய். உன் அப்பா கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, "ஆடாதீங்க, அசையாதீங்க, இருமல் வந்தா முழுங்கிருங்க" என்றார். கணவாய்ப் பக்கமிருந்து ஒரே ஒரு காற்று வந்தது. முன்பக்கத்துக் கையின் முட்டி 'டக்'கென்று ஒடிந்தது. இரும்பும் துணியும் சேர்ந்து கீழே வந்தன. காமிரா குப்புற விழுந்து லென்சு இரண்டாகப் பிளந்தது. செல்வியின் புருவத்துக்கு மேலே கிழிந்து ரத்தம் கொட்டியது.

உன் அப்பா முதலில் செல்வியைத் தூக்கினார். நான் அவள் தாவணியைக் கிழித்துக் கட்டினேன். அவளுக்குக் கண்ணுக்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் அவர் உன் பக்கம் திரும்பினார். "எத்தன தரம் சொல்லியிருக்கேன், வெறச்சுக் கட்டாத, வெறச்சுக் கட்டாதன்னு! காத்து வர்ற எடத்துல தொய்வு விடணும்னு தெரியாதாடா ஒனக்கு? ஒங் கை பட்ட எதுவும் வெளங்காது. எறங்கிப் போ!" நீ ஒடிந்த கையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். என்னை ஒரு தடவை பார்த்தாய். அவ்வளவுதான். மறுநாள் காலையில் முதல் ஜீப்பில் போடிக்கு இறங்கி, ரயிலேறிப் போய்விட்டாய். மதுரையில் ஜவுளிக் கடையில் துணி கிழிக்கிற வேலை. பட்டறைக்காரர் இரண்டு தடவை ஆள் அனுப்பியும், "எனக்கு இரும்புச் சோலி ஆகாதுண்ணே" என்று சொல்லிவிட்டாயாம்.

நீ என்னை ஏன் பார்த்தாய் என்று எனக்கு அப்போதே தெரியும். அதை இப்போது சொல்கிறேன். இந்த நோட்டீசே அதற்காகத்தான். அன்று காலையில் நீ சாய்ப்பைக் கட்டிக்கொண்டிருந்தபோது என்னைக் கூப்பிட்டாய். "அம்மா, துணி எட்ட மாட்டேங்குது. கை முழுசா நீள மாட்டேங்குது. இன்னிக்கு இது வேணாம், மரத்தடியில எடுப்போம்னு அப்பாட்ட சொல்லும்மா" என்றாய். நான் அடுப்பில் இருந்தேன். கூட்டம் வந்துகொண்டிருந்தது. நான் என்ன சொன்னேன்? "இழுத்துக் கட்டுடா. இந்த வயசுல பெலம் இல்லாம கெழவனாகியா வரும்? எட்டும்." நீ இழுத்துக் கட்டினாய். கடப்பாரையை நெம்புகோலாக வைத்து, முட்டியை வம்பாக நிமிர்த்திக் கட்டினாய். நான் சொன்னதால் கட்டினாய். உன் அப்பா உன்னை ஏசும்போது, "நாந்தான் இழுத்துக் கட்டச் சொன்னேன்" என்று நாலு சொல் சொல்லியிருக்கலாம், அப்பு. லென்சு உடைந்து கிடந்தது. அவர் முகம் அப்படி இருந்தது. அத்தனை பெண்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் எனக்கும் அந்த ஏச்சு விழுமே என்று பயந்தேன். வீட்டுக்குள் வைத்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மறுநாள் நீ இல்லை. அதற்குப் பிறகு சொல்லாத ஒவ்வொரு நாளும் சொல்வதை இன்னும் கஷ்டமாக்கிக்கொண்டே போயிற்று.

சொல்வதற்குப் பதிலாகத் தேடினேன். கை ஒன்று கிடைத்துவிட்டால், சாய்ப்பு பழையபடி நின்றுவிட்டால், நீ வந்துவிடுவாய் என்று ஒரு குருட்டு நம்பிக்கை. ஒடிந்த முட்டியைத் துணியில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு போகாத இடமில்லை. போடிக் கொல்லர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது வார்ப்பு இரும்பு. அடிச்சு ஒட்ட முடியாது. அடிச்சா இன்னும் ரெண்டாப் போகும்" என்றார். மதுரையில் பழைய இரும்புக் கடைகளில் குவியல் குவியலாகக் கிளறினேன். பட்டாள வண்டிச் சாமான் என்று ஸ்டியரிங் இருந்தது, விளக்கு இருந்தது, ஒரு இடத்தில் நம் வண்டி ரகத்தின் கதவே இருந்தது. கை மட்டும் இல்லை. "சாய்ப்பு வச்ச வண்டியா? என்னக்கா, வண்டியா வீடா அது?" என்று ஒரு கடைக்காரர் கேட்டார். "ரெண்டுந்தான். ஒங்களுக்கென்ன, கை இருக்கா இல்லையா?" என்றேன். மரத்தில் ஒன்று செய்து பார்த்தோம், துணியின் பாரம் தாங்காமல் முறுக்கிக்கொண்டது. உன் அப்பா மரத்தடிகளில் போட்டோ எடுத்துப் பிழைப்பை ஓட்டினார். கித்தானைச் சுருட்டி வண்டிக் கூரைமேல் கட்டிவைத்தோம். யாரும் அதைப் பிரிக்கவில்லை.

இந்த மாசியில் அதே எஸ்டேட்டுக்கு மறுபடி போக வேண்டி வந்தது. அங்கே ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரைப் பார்க்கிற மலையாளத்துக்காரர், நீ சேட்டன் என்று கூப்பிடுவாயே, அவர்தான் சொன்னார், பழைய துரை பங்களா முன்வாசலில் நம் சாய்ப்பு மாதிரியே ஒன்று முன்பு இருந்தது என்று. ஓடினேன் அப்பு, ஏலச் செடிகளுக்கு நடுவே, அட்டை கடிப்பதுகூடத் தெரியாமல் ஓடினேன். முன்வாசலில் ஒன்றும் இல்லை. துரை ஊரைவிட்டுப் போன அந்த வருஷமே அதைக் கழற்றிப் போட்டுவிட்டார்களாம். உட்கார்ந்து அழாத குறை. பங்களா சமையல்காரர் மனைவி ரோசம்மா, "தண்ணி குடிச்சிட்டுப் போங்கக்கா" என்று பின்கட்டுக்கு அழைத்துப் போனாள். அங்கே சௌசௌ கொடிக்குப் பந்தல் போட்டிருந்தாள். செம்பை வாயில் வைத்தபடி நிமிர்ந்து பார்க்கிறேன், பந்தலின் மூலையைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது, முட்டி மடக்கி, பச்சைப் பெயிண்ட் அடித்த, அச்சு அசல் நம்முடையதைப் போலவே ஒரு கை!

"ரோசம்மா, இத எனக்குக் குடு" என்றேன். "அய்யய்யோ, இத உருவுனா எம் பந்தல் படுத்துருமேக்கா! காய் எப்பிடித் தொங்குது பாருங்க" என்றாள். நான் முட்டுக்கொடுத்துத் தருகிறேன் என்றேன், மூங்கில் வெட்டித் தருகிறேன் என்றேன், காலில் விழட்டுமா என்றேன். அவள் இடுப்பில் கைவைத்து யோசித்தாள். "ராசிங்காபுரத்துல எங்க நாத்தனா ஒருத்தி இருக்கா. மலையில எனக்கு இத்தன காய் காய்க்குதுன்னா நம்ப மாட்டேங்குறா, புளுகுறேங்குறா. ஒங்க வீட்டுக்காரர் எல்லாக் காயும் தெரியுற மாதிரி ஒரு போட்டோ எடுத்துக் குடுத்தா, காய் பறிச்சப்புறம் இத எடுத்துக்கங்க." உன் அப்பா வந்து எடுத்தார். ரோசம்மா ஒவ்வொரு காயாகத் துடைத்துவைத்தாள். "எல சித்த ஒதுக்குங்கண்ணே, பின்னாடி மூணு காய் மறையுது" என்று அவள் சொல்ல, கொடிக்கு அதட்டல் போடுகிற மாதிரி இவர், "அசையாத" என்றார். காய் பறிக்கும்வரை இருபது நாள் காத்திருந்தேன். என் வாழ்க்கையில் நான் பார்த்த மிக மெதுவான காய்கள் அவைதான்.

இனிதான் முக்கியமான இடம். கையையும், கிழிந்திருந்த பழைய கித்தானையும் வண்டி போடிக்கு இறங்கிய அன்றே அங்கே படுதா தைக்கிற ராவுத்தர் கடைக்குக் கொண்டுபோனேன். லாரிப் படுதாவெல்லாம் அவர் கைதான். தரையில் கித்தானை விரித்தார். சுருள் பிரிந்ததும் கடை முழுக்க ஏலக்காய் வாசம். அவர் குனிந்து துணியை முகர்ந்தார். "என்ன தங்கச்சி, இது துணியா, ஏலக்கா மூட்டையா? இத எங்க காயப் போட்டீக?" நான் ஏதோ சாதாரணமாக, "ஒரு தரம் ஸ்டோர்ல போட்டோம்ணே" என்றேன். அவர் புதுக் கையை முழுசாக நிமிர்த்தி, துணிக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு வண்டியிலிருந்து நான் கழற்றிக் கொண்டுபோயிருந்த, ஒடியாத இன்னொரு கையையும் வைத்தார். இரண்டு கையும் ஒரே நீளம். துணி ஒரு சாணுக்கு மேலே குட்டை. "கை சரியாத்தான் இருக்கு. துணிதான் குறுகிப்போச்சு. ஸ்டோர்ல குழாய் சூட்டுல போட்டீகள்ல, அதுல மெழுகு பூராம் உருகி ஓடிருச்சு. மெழுகு போன கித்தான் அதுக்கப்புறம் ஒவ்வொரு மழைக்கும் சுருங்கும். எட்டாத துணியில கைய வம்பா நிமித்திக் கட்டுனா எந்த இரும்பு தாங்கும்? இத எந்த மகராசன் ஸ்டோர்ல போட்டது?"

மகராசன் இல்லை, மகராசி. அதையும் நான்தான் செய்தேன். உனக்கு நினைவிருக்கும். நீ போவதற்கு முந்தின ஐப்பசியில் எட்டு நாள் விடாத மழை. கித்தான் நனைந்து, கல் மாதிரி கனத்து, பூசணம் பிடிக்கத் தொடங்கியிருந்தது. நனைந்த துணியைச் சுருட்டவும் கூடாது, விரிக்க வெயிலும் இல்லை. பச்சை ஏலக்காயை ஒரே நாளில் காயவைக்கிற ஸ்டோர் இருக்கும்போது நான் ஏன் கவலைப்பட வேண்டும் என்று எனக்கு ஒரு யோசனை. சேட்டனிடம் கெஞ்சி, விறகு எரிகிற சூட்டுக் குழாய்களுக்கு மேலே, காய்த் தட்டுகள்மேல் கித்தானை விரித்தேன். காலையில் போட்டது சாயங்காலம் மொறுமொறுவென்று காய்ந்திருந்தது. தரையெல்லாம் பிசுபிசுவென்று என்னவோ ஒழுகியிருந்தது. ஏலக்காய்ப் பால் என்று நினைத்துச் சாம்பல் போட்டுத் துடைத்தேன். அது மெழுகு என்று என் மரமண்டைக்கு ஏறவில்லை. என் சாமர்த்தியத்தை மலை முழுக்கச் சொல்லிக்கொண்டு வேறு திரிந்தேன். "எங்க சாய்ப்பு மணக்கும்!" என்று செல்வி துள்ளினாள். நீ மட்டும் துணியைத் தொட்டுப் பார்த்து, "என்னமோ அப்பளம் மாதிரி இருக்கேம்மா" என்றாய். நான் காதில் வாங்கவில்லை.

ஆக, துணியைக் குறுக்கியது நான். எட்டவில்லை என்று நீ சொன்னபோது இழுத்துக் கட்டச் சொன்னது நான். ஒடிந்தபோது வாயை மூடிக்கொண்டு நின்றது நான். இந்த மூன்றில் முதலாவது எனக்குத் தெரியாமல் நடந்தது, அதற்கு நான் வெட்கப்படவில்லை. யாரும் செய்திருப்பார்கள். மற்ற இரண்டும் தெரிந்தே செய்தவை. உனக்கும் நாளைக்குப் பிள்ளைகள் பிறக்கும், அப்பு. வேலை தலைக்குமேல் இருக்கும்போதுதான் அவர்கள் வந்து ஏதாவது எட்டவில்லை, சேரவில்லை என்பார்கள். அடுப்பை இறக்கி வைத்துவிட்டுப் போய் ஒரு தடவை பார். கூட்டம் காத்திருக்கட்டும். என்னைப் போல நின்ற இடத்திலிருந்து பதில் சொல்லாதே. பிள்ளையை ஏச வேண்டியிருந்தால் ஆளில்லாத இடமாகப் பார்த்து ஏசு. நாளைக்கு வருகிற உன் மனைவி வேறொருவர் பழியைத் தூக்குகிறாள் என்று தெரிந்தால், அந்த நிமிஷமே வாயைத் திற. மறுநாள் அந்த வாய் திறக்காது. நான் பட்டதைச் சொல்கிறேன்.

ராவுத்தர் கடையிலிருந்து நேரே உன் அப்பாவிடம் போனேன். பட்டப்பகல், போடி ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் நின்ற வண்டியின் படியில் உட்கார்ந்து புது லென்சைத் துடைத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். நான் எதிர்பார்த்த ஏச்சு வரவில்லை. ரொம்ப நேரம் லென்சையே துடைத்தார். "அப்ப அவன் ஏன் சொல்லல?" என்றார். "என்னையக் காட்டிக் குடுக்க மாட்டான்" என்றேன். "நீயாச்சும் சொல்லியிருக்கலாம்ல?" என்றார். அவர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, "ரயில் போயிருச்சு" என்றார். மறுநாளும் போனார், மறுநாளும் ரயில் போய்விட்டது. ரயில் கிளம்புகிற சத்தம் வீட்டுக்கே கேட்கும், அது கேட்ட பிறகுதான் இவர் செருப்பை மாட்டுகிறார். மூன்றாம் நாள் வெள்ளைச் சட்டை போட்டு, நேரத்துக்கே போய் ஏறிவிட்டார். சாயங்காலம் வந்தவரிடம், "பாத்தீங்களா? பேசுனீங்களா?" என்று கேட்டேன். "கடையில கூட்டமா இருந்துச்சு. துணிய அளக்குறான். ஒரு முழத்துக்கு நாலு வெரக்கடை சேத்துத்தான் கிழிக்குறான், மொதலாளி பாத்தா வய்வான்" என்றார். அப்புறம், "எளச்சிருக்கான்" என்றார். எதிர்ச் சாரியில் மிட்டாய்க் கடை ஓரமாக, மழையில்லாத நாளில் குடை பிடித்துக்கொண்டு ஒரு ஆள் வெகுநேரம் நின்றதை நீ பார்த்தாயோ என்னவோ. அது உன் அப்பாதான், அப்பு.

நோட்டீஸ் அடிக்கப் போகிறேன் என்று சொன்னபோது அவர் தடுக்கவில்லை. போட்டோ வைத்துக் கொடுக்கிற உறை ஒன்றை எடுத்துக்கொண்டு ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து ஏதோ எழுதினார், அடித்தார், எழுதினார். அதை அப்படியே அச்சில் கோக்கச் சொல்லியிருக்கிறேன். "தம்பிக்கு. அன்று எல்லாரும் கேட்கச் சொன்ன சொல்லை எல்லாரும் பார்க்கத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். உன் கை பட்டதெல்லாம் இன்றும் ஓடுகிறது. நீ சரிசெய்த வைப்பர்கூட. அப்பா."

ராவுத்தர் கித்தானில் ஒன்றரைச் சாண் புதுத் துண்டை ஒட்டித் தைத்து, மெழுகு ஏற்றிக் கொடுத்துவிட்டார். நிறம் சேரவில்லை, பார்த்தால் பாவாடைக்கு அடியில் பட்டை வைத்த மாதிரி இருக்கிறது. கையை நானே பொருத்தினேன். ரோசம்மாவின் பச்சைப் பெயிண்டைச் சுரண்டவில்லை. ஒரு கை கறுப்பு, ஒரு கை பச்சை. இழுத்தால் நீளுகிறது, துணி எட்டுகிறது, எட்டியும் நாலு விரல் தொய்கிறது!

வருகிற வைகாசியில் செல்விக்குக் கல்யாணம். மாப்பிள்ளை சிலமலை, தோட்டம் துரவு உள்ள குடும்பம். பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளையின் அம்மா செல்வியின் புருவத் தழும்பைக் காட்டி, "இது என்னத்தா?" என்று கேட்டார். இவள் கூசாமல், "எங்க வீடு எம்மேல விழுந்துருச்சு அத்த" என்றாள். அவர்கள் சிரித்துச் சிரித்து அங்கேயே பூ வைத்துவிட்டார்கள். சாய்ப்பைச் சிலமலையில் பந்தலோடு சேர்த்து விரிக்கப்போகிறோம். அன்றைக்கு எடுக்காமல் போன எஸ்டேட் போட்டோவையும் அங்கேயே எடுக்கலாம் என்றிருக்கிறார் உன் அப்பா. அதனால் இதை வாசிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தத் தை மாதத்தில் அந்த இடத்தில் நின்றவர்கள் யாராயிருந்தாலும், கங்காணி முதல் கைக்குழந்தை வரை, வைகாசியில் சிலமலைக்கு வாருங்கள். இந்தத் தாளை வாசித்து முடித்ததும் மடித்து வைக்காமல் அடுத்த லயத்துக்குக் கொடுங்கள். எழுத்துத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். என் மகன் மேல் தப்பு இருந்ததாக நீங்கள் யாரிடமாவது சொல்லியிருந்தால், அவர்களைத் தேடிப்பிடித்து இல்லை என்று சொல்லுங்கள்.

உனக்கும் ஒன்று கேட்கிறேன். கல்யாணத்துக்கு லீவு கிடைக்காது என்று செல்விக்குச் சொல்லியனுப்பியிருக்கிறாய். கிடைக்காமலும் இருக்கலாம், உனக்கு வர மனசில்லாமலும் இருக்கலாம். வந்துதான் ஆக வேண்டும் என்று கேட்கிற உரிமையை நான் அன்றைக்கே அந்தக் காற்றில் விட்டுவிட்டேன். மாதம் பிறந்தால் உன் கார்டு வருகிறது. 'நலம். நலமறிய ஆவல்.' மூன்று வருஷமாக இந்த மூன்று சொல்தான். அதைக் கையில் வைத்துக்கொண்டு, பின்பக்கம் திருப்பி, ஓரமெல்லாம் பார்த்து, இன்னும் ஏதாவது எழுதியிருக்கிறாயா என்று தேடுவேன். இந்த மாதம் நலம் எழுதாதே, அப்பு. அன்றைக்கு நீ ஒடிந்த இரும்பைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாயே, அப்போது வாய்வரை வந்தது என்ன? அதை எழுது. ஏசி எழுது, எத்தனை கெட்ட வார்த்தை வந்தாலும் எழுது. கார்டில் இடம் போதாவிட்டால் கவர் வாங்கி எழுது. நான் எழுத்துக்கூட்டி எல்லாவற்றையும் வாசிப்பேன்.